ஸ்பேனரை எடுக்காத கை

காரமடையிலிருந்து வெள்ளியங்காடு, கெத்தை வழியாக பைக்கில் மஞ்சூர் ஏறினால் 43 கொண்டை ஊசி வளைவுகள். வளைவுக்கு வளைவு கிளட்சைப் பிடித்து விட்டாக வேண்டும். நோய் உள்ள கிளட்ச் அந்த மலையில் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

கேபிள் கிளட்சில் மர்மம் குறைவு. கம்பி பிரிந்திருக்கும், இல்லை அறுந்திருக்கும். ஹைட்ராலிக் கிளட்சில் லீவருக்கும் கிளட்ச் தட்டுகளுக்கும் நடுவே இருப்பது குழாயில் அடைபட்ட ஆயில், பெரும்பாலும் பிரேக் ஆயில்தான். மேலே மாஸ்டர் சிலிண்டர், கீழே ஸ்லேவ் சிலிண்டர். இரண்டில் எது கெட்டாலும் வண்டிக்காரர் சொல்வது ஒன்றுதான்: நியூட்ரல் விழமாட்டேங்குது.

கோவைப் பக்கம் பிரித்துப் பார்க்கிற ஆசைக்குக் குறைவே இல்லை. இளவயதில் ரட்ஜ் மோட்டார் சைக்கிளை வாங்கிப் பிரித்து மாட்டிய கண்டுபிடிப்பாளர் ஜி.டி.நாயுடுவின் கதையை அறியாதவர் இங்கே யார்? ஆனால் கிளட்சின் நோயைக் கண்டுபிடிக்கிற வேலையில் பிரிக்காமல் இருப்பதுதான் கலை என்பேன்.

தேர்ந்த மெக்கானிக் முதலில் வாயைத் திறப்பார், டூல் பெட்டியை அல்ல. “காத்தால எடுக்கறப்பவே இப்படித்தானுங்களா, சூடு ஏறுன பொறகுங்களா?” பதில் வருவதற்குள் இரண்டு விரல் லீவர் மேல் போயிருக்கும். நாலைந்து தடவை வேகமாக அடித்துப் பார்ப்பார். மெத்தென்றிருந்த லீவர் இறுகினால் உள்ளே காற்று. அழுத்திப் பிடித்திருக்கும்போதே மெல்ல மெல்ல இறங்கி, வெளியே கசிவும் இல்லையென்றால், பெரும்பாலும் மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் தேய்ந்து ஆயில் உள்ளுக்குள்ளேயே பின்வாங்குகிறது. லீவர் கல் மாதிரி நின்றும் கிளட்ச் பிரியவில்லையா? ஆயிலைக் குறை சொல்லிப் பயனில்லை, தட்டுகள் ஒட்டியிருக்கலாம்.

அடுத்தது எனக்கு மிகவும் பிடித்த இடம். பெட்ரோல் டேங்க் மேல் ஈரத்துணியைப் போர்த்திவிட்டு (பிரேக் ஆயில் பட்டால் பெயின்ட் உரிந்துவிடும்) மாஸ்டர் சிலிண்டரின் ஆயில் டப்பா மூடியைக் கழற்றுவார். லீவரை ஒரு நூல் அளவு மட்டும் இழுப்பார். ஆயிலின் மேல்பரப்பில் சின்னதாக ஒரு கொப்பளிப்பு எழ வேண்டும். அடியில் ஊசிமுனை போன்ற துளை திறந்திருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. அந்தத் துளை அழுக்கில் அடைபட்டால், சூட்டில் விரியும் ஆயில் திரும்பி வர வழியின்றி, யாரும் பிடிக்காமலே கிளட்சை அழுத்திக்கொண்டிருக்கும். காலையில் ஒழுங்காக ஓடிய வண்டி மதியம் வழுக்குவது இப்படித்தான். இதைத் தட்டு தேய்மானம் என்று நினைத்துப் புதுத் தட்டு போட்டுக்கொண்டவர்கள் உண்டு. பாவம், செலவு செய்தும் வழுக்கல் நிற்காது.

கீழே கசிவு தெரிந்தாலும் அவசரம் கூடாது. ஹயபுசா போன்ற வண்டிகளில் ஸ்லேவ் சிலிண்டர் முன் ஸ்ப்ராக்கெட்டை ஒட்டி, செயின் அழுக்குக்கு நடுவே உட்கார்ந்திருக்கும். அங்கே சொட்டுவது பிரேக் ஆயிலா, புஷ்ராடு சீல் வழியாக வந்த இன்ஜின் ஆயிலா? ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டால் போதும். பிரேக் ஆயில் கரைந்துவிடும், இன்ஜின் ஆயில் மிதக்கும்.

காற்றுதான் குற்றவாளி என்றால் வைத்தியமும் சிக்கனமே. ஹேண்டிலை டப்பா மேலே வரும்படி திருப்பி, பழைய டியூப் துண்டால் லீவரை இழுத்துக் கட்டி இரவு முழுக்க விட்டுவிடுவார்கள். நுண்ணிய குமிழ்கள் ஒவ்வொன்றாக மேலேறிவிடும். காலையில் மீதிக் காற்றை ஸ்லேவ் சிலிண்டர் நிப்பிள் வழியாக எடுத்துவிட்டால் தீர்ந்தது.

புது ஆயில் ஊற்றும் முன் டப்பா மூடியில் உள்ள எழுத்தைப் படிப்பவரையே நான் நம்புவேன். பெரும்பாலானவற்றுக்கு டாட் 4. சில பிஎம்டபிள்யூ, பழைய கேடிஎம் வண்டிகளின் கிளட்சுக்கு மட்டும் மினரல் ஆயில். மாற்றி ஊற்றினால் ரப்பரெல்லாம் ஊறி வீங்கி, மேலும் கீழும் இரண்டு சிலிண்டருக்கும் சேர்த்துப் பில் வரும்.