அறைப்பெட்டியின் அழகும் அதன் வம்பும்

சென்னை ரிச்சி தெருவில் ஒரு சென்சார் மாட்யூல் வாங்கினால் சின்ன ஜிப் கவரில் போட்டுத் தருவார்கள். வீட்டுக்கு வந்ததும் பலரும் அந்தக் கவரைக் குப்பையில் போட்டுவிட்டு, உள்ளிருந்ததை அறை அறையாகத் தடுத்த பிளாஸ்டிக் பெட்டியில் சேர்த்துவிடுவார்கள். சென்சாருக்கு ஓர் அறை, ரிலேவுக்கு ஓர் அறை, டிஸ்ப்ளேவுக்கு ஓர் அறை. பார்க்க லட்சணமாகத்தான் இருக்கும். ஆனால் மாட்யூல்களைப் பொறுத்தவரை இந்த வழக்கத்தால் வரும் வசதியைவிட வம்பு அதிகம் என்பது என் கருத்து.

வசதி இல்லாமல் இல்லை. மூடியைத் திறக்காமலே எது இருக்கிறது, எது தீர்ந்துவிட்டது என்று தெரிகிறது. இருப்பதையே மறுபடி வாங்கும் வீண்செலவு குறைகிறது. ஸ்குரூ, பின் ஹெடர், சுவிட்ச், எல்.இ.டி போன்றவற்றுக்கு இதைவிடத் தோதான ஏற்பாடு எனக்குத் தெரியாது. அஞ்சறைப்பெட்டி நம் அடுப்படியில் நிலைத்ததும் இதனால்தான். கடுகையும் சீரகத்தையும் எவரும் குழப்பிக்கொள்வதில்லை. பார்த்தாலே தெரியும், சந்தேகம் வந்தால் மோந்து பார்த்துக்கொள்ளலாம். மாட்யூல் இந்த இடத்தில்தான் காலை வாரிவிடுகிறது.

0.96 அங்குல ஓ.எல்.இ.டி டிஸ்ப்ளேயையே எடுத்துக்கொள்ளுங்கள். அதே கறுப்புக் கண்ணாடி, அதே நான்கு பின். ஆனால் சில போர்டுகளில் கிரவுண்ட் முதலிலும் சப்ளை இரண்டாவதாகவும் வரும். சிலவற்றில் இந்த இரண்டும் இடம் மாறியிருக்கும். இரண்டு வகையும் ஒரே அறையில் கிடந்தால், கைக்கு வந்ததை எடுத்துப் பழைய வயரிங்கிலேயே செருகத் தோன்றும். சப்ளை தலைகீழாகப் போய்விடும். பின் பெயர் போர்டிலேயே அச்சாகியிருக்கிறதே என்பார்கள். உண்மைதான், ஆனால் "எல்லாம் ஒரே வகை" என்று பெட்டி சொல்லிவிட்ட பிறகு அந்தப் பொடி எழுத்தை யார் உற்றுப் பார்க்கிறார்கள்?

பி.எம்.பி 280, பி.எம்.இ 280 சென்சார்களின் கதை இன்னும் மோசம். முன்னது காற்றழுத்தமும் வெப்பமும் அளக்கும். பின்னது கூடவே ஈரப்பதமும் அளக்கும். பல போர்டுகளில் இரண்டுக்கும் பொதுவான பெயரே அச்சாகியிருக்கும். நடுவில் இருக்கும் உலோகச் சில்லைக் கூர்ந்து பார்த்தால், முன்னது சற்றே நீள்சதுரம், பின்னது சதுரம். அதுவும் தெளிவில்லையென்றால் மைக்ரோகன்ட்ரோலரில் இணைத்து அடையாள எண்ணைப் படிக்க வேண்டியதுதான்.

இவற்றையாவது கண்ணால் பார்த்தோ படித்துப் பார்த்தோ பிரித்துவிடலாம். எல்.எம் 2596 வைத்த ஸ்டெப்-டவுன் மாட்யூலில் நீலநிற ட்ரிம்பாட் ஒன்று இருக்கும். அதன் பித்தளைத் திருகைப் பல சுற்று திருப்பித்தான் வோல்டேஜை மாற்ற முடியும். பல சுற்று என்பதால், திருகு நிற்கும் கோணத்தை வைத்து அது 5 வோல்ட்டில் இருக்கிறதா 12 வோல்ட்டில் இருக்கிறதா என்று சொல்ல முடியாது. பழைய லேப்டாப் சார்ஜரிலிருந்து 12 வோல்ட் எடுக்கத் திருப்பி வைத்த மாட்யூலை, அளந்து பார்க்காமல் 3.3 வோல்ட்டில் ஓடும் ஈ.எஸ்.பி 8266-க்குக் கொடுத்தால் சில்லு அவ்வளவுதான். கடைசியாக எதற்குப் பயன்பட்டது, எத்தனை வோல்ட்டில் நிற்கிறது, சோதித்ததா சோதிக்காததா என்ற விவரங்கள் மாட்யூலின் மேல் எழுதியிருப்பதில்லை. அறைப்பெட்டியில் அவற்றைக் குறித்துவைக்க இடமும் இல்லை.

இதன் பணக்கார உறவு ஒன்றும் உண்டு: 2022-இல் ஜாக் ஃப்ரீட்மேன் வெளியிட்ட கிரிட்ஃபினிட்டி. 42 மில்லிமீட்டர் கட்டத்தில் அடித்தட்டு, அதன்மேல் 3டி பிரின்டரில் அச்சிட்ட கிண்ணங்கள். கருவிகளுக்கு அருமை. மாட்யூலுக்கு அதே பழைய குறைதான், கூடவே பிளாஸ்டிக் செலவும் பிரின்டர் ஓடும் நேரமும். ப்ராஜெக்ட் கிடப்பில் கிடக்க, கிண்ணம் அச்சிடுவதே வேலையாகிவிடுகிறது.

கவரைத் தூக்கிப்போடாமல், அதிலேயே ஒரு துண்டுச் சீட்டு எழுதிப் போட்டு, ஸ்வீட் பாக்ஸிலோ செருப்புப் பெட்டியிலோ நிற்கவைத்து அடுக்குவதே மேல் என்பேன். சீட்டில் நான்கு விஷயம் போதும்: பெயர், வோல்டேஜ், பின் வரிசை, கடைசி நிலைமை. "ரேடியோ" என்று ஓர் அட்டைத் தடுப்பு, "பவர்" என்று ஒன்று. அழகு சற்றே குறையும், போகட்டும்.

கவரிலும் சிக்கல் உண்டு. இளஞ்சிவப்புப் பை தன்மேல் நிலைமின்சாரம் (ஸ்டாட்டிக்) சேராமல் பார்த்துக்கொள்ளும், ஆனால் வெளியிலிருந்து வரும் ஸ்டாட்டிக்கைத் தடுக்காது. அதற்கு வெள்ளி நிறப் பை வேண்டும். ஈரப்பத சென்சாருக்கோ இளஞ்சிவப்புப் பையே ஆகாது. அதில் வைக்க வேண்டாம் என்று சென்சிரியன் நிறுவனம் தன் கையாளும் குறிப்பிலேயே எழுதியிருக்கிறது. பிளாஸ்டிக்கிலிருந்து கசியும் ஆவி அளவைக் கெடுத்துவிடும். கறுப்பு ஃபோமிலும் ஓர் ஆபத்து. அது மின்சாரம் கடத்தும். டி.எஸ் 3231 கடிகார மாட்யூலை பட்டன் பேட்டரியோடு அதில் குத்தி வைத்தால், பேட்டரி மெல்ல வடிந்துபோகும். கழற்றித் தனியே வைப்பதே நல்லது. ஸ்டாட்டிக் பற்றிய பயத்தைக் கடலோர ஊர்க்காரர்கள் சற்றுக் குறைத்துக்கொள்ளலாம், ஈரக் காற்றில் அது அவ்வளவாகச் சேராது. நாளெல்லாம் ஏ.சி ஓடும் அறைக்கு இந்தச் சலுகை கிடையாது.

கவர் முறையின் பெரிய பலவீனம் மனிதர்தான். இரவு பதினொன்றுக்கு வேலை முடியும்போது சீட்டில் "12 வோல்ட்டில் வைத்திருக்கிறது" என்று எழுத யாருக்கும் மனம் வராது. இரண்டு முறை எழுதாமல் விட்டால் சீட்டே பொய் சொல்ல ஆரம்பித்துவிடும், அது சீட்டு இல்லாததைவிடக் கேடு. ஆகவே ட்ரிம்பாட் உள்ள மாட்யூலுக்கு மட்டும் சீட்டை நம்ப வேண்டாம். சப்ளை கொடுத்து, லோடு இணைக்கும் முன் மல்டிமீட்டரால் ஒருமுறை அளந்துகொள்ளுங்கள். அரை நிமிட வேலை. ரிலே மாட்யூலுக்குச் சீட்டே வேண்டாம். 5 வோல்ட்டா 12 வோல்ட்டா என்பது அதிலுள்ள நீலநிற ரிலேயின் தலையிலேயே அச்சாகியிருக்கிறது. அதை மட்டும் தாராளமாக அறைப்பெட்டியில் போட்டுக்கொள்ளலாம்.