கொடையும் கடமையும்: ‘திறந்த வேதாகமக் கதைகள்’ பற்றி ஒரு மதிப்பீடு

திருச்சபையின் போதனை நூல்கள் யாருக்கு உரியவை என்னும் வினா இன்று புதிய வடிவில் நம்முன் எழுந்துள்ளது. 2002இல் முதன்முதலாக வெளியிடப்பெற்ற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள், ஆசிரியர் தம் பதிப்புரிமையைக் கைவிடாமலேயே, பிறர் தம் நூலைப் படியெடுக்கவும் பகிரவும் முன்கூட்டியே அனுமதி அளிக்க வழிசெய்தன. அவற்றுள் சில, நூலைத் திருத்தும் உரிமையையும் வழங்குகின்றன. இத்தகைய உரிமத்துடன் இணையத்தின் வழியே பரவிவரும் கிறிஸ்தவப் போதனை நூல்களுள் ‘அன்ஃபோல்டிங்வேர்ட்’ நிறுவனத்தின் ‘திறந்த வேதாகமக் கதைகள்’ குறிப்பிடத்தக்கது. தமிழிலும் கிடைக்கும் இந்நூலை நம் ஓய்வுநாள் பள்ளிகளும் கிராம ஊழியரும் பயன்படுத்தக்கூடுமாதலால், அதனை ஆய்ந்து நோக்குதல் நம் கடமையாகும்.

படைப்பு முதல் கிறிஸ்துவின் மறுவருகை வரை 50 கதைகள் படங்களுடன் இதில் அமைந்துள்ளன. ஆபிரகாமோடும் இஸ்ரவேலோடும் தாவீதோடும் கடவுள் செய்த உடன்படிக்கைகள் புதிய உடன்படிக்கையில் நிறைவுறுவதை இக்கதை வரிசை தெளிவாகக் காட்டுகிறது. எழுத்தறியாதோருக்கும் சொல்லிக் கேட்பிக்கத்தக்க எளிய நடையும் இதன் சிறப்பாகும்.

எனினும், தெரிவு என்பதும் ஓர் இறையியலே. பழைய ஏற்பாட்டுக்கு 21 கதைகளும் புதிய ஏற்பாட்டுக்கு 29 கதைகளும் ஒதுக்கப்பட்டுள்ள இத்தொகுப்பில், அந்நிய நாட்டு விதவையாய்க் கதிர் பொறுக்கிய ரூத்துக்குத் தனிக்கதை இல்லை. நீதிமானின் துன்பத்தை வினவிய யோபுக்கும் இல்லை. ஏழையை விலைபேசுவோரைக் கண்டித்த ஆமோசுக்கும் இல்லை. சமாரியப் பெண்ணிடம் ஆண்டவர் தண்ணீர் கேட்ட நிகழ்ச்சியும் தனிக்கதையாக இடம்பெறவில்லை. பொதுக்கிணற்றில் நீர் மொள்ளும் உரிமை மறுக்கப்பட்டோரின் வழிவந்தோர் பெருந்தொகையினராய் அமர்ந்திருக்கும் நம் சபைகளில், இது சிறு குறையன்று.

வேறு நூலாயின், பதிப்பகத்தாருக்கு ஒரு கடிதம் எழுதிவிட்டுக் காத்திருப்பதன்றி நமக்கு வேறு வழியில்லை. இங்கோ நிலை வேறு. மூலத்தைக் குறிப்பிட வேண்டும். செய்த மாற்றங்களைத் தெரிவிக்க வேண்டும். புதிய ஆக்கத்தையும் அதே உரிமத்துடன் வெளியிட வேண்டும். மாற்றிய பதிப்பிலிருந்து அந்நிறுவனத்தின் வணிகக் குறியை நீக்கிவிட வேண்டும். இந்நிபந்தனைகளுக்கு உட்பட்டு, எவரும் இந்நூலைத் திருத்தலாம், விரிக்கலாம். இறுதி நிபந்தனை ஆழ்ந்து நோக்கற்பாலது. மாற்றியவர் பிறர் பெயரில் மறைந்துகொள்ள இயலாது. தம் போதனைக்குத் தாமே பொறுப்பேற்க வேண்டும். ஆகவே, விடுபட்ட கதைகளைக் குறித்து நாம் கூறும் குறை, அவற்றை எழுதாதிருக்கும் நம்மையே வந்து சேர்கிறது.

கட்டற்ற உரிமம் தவறான போதனைக்கு இடந்தராதோ என்று சிலர் அஞ்சுவர். ஆனால் பதிப்புரிமைச் சட்டம் எக்காலத்தும் திருச்சபையைத் தவறான உபதேசத்தினின்று காத்ததில்லை. எல்லாவற்றையும் சோதித்து அறியும்படி பவுலடியார் பணித்தது சபையையேயன்றிப் பதிப்பாளரையன்று. அச்சுச் செலவை எவ்வாறு ஈடுசெய்வது என்பாரும் உளர். இந்நூலின் உரிமம் விற்பனையைத் தடுப்பதில்லை. நியாயமான விலைக்கு அச்சிட்டு விற்கலாம்.

ஒருவர் பணியின்மேல் மற்றொருவர் கட்டுவது நம் மரபுக்குப் புதிதன்று. சீகன்பால்க் 1715இல் தரங்கம்பாடியில் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார். பழைய ஏற்பாட்டை ரூத்தின் புத்தகம் வரை மொழிபெயர்த்த நிலையில் 1719இல் மறைந்தார். எஞ்சியதைச் சூல்ச் நிறைவு செய்தார். பின்னர் பப்ரிசியஸ் முன்னோர் பணியை ஆய்ந்து திருந்திய மொழிபெயர்ப்பை அளித்தார். முன்னவரின் ஏடு பின்னவருக்குப் பூட்டப்பட்டிருந்தால், தமிழ்த் திருமறை இவ்வாறு வளர்ந்திராது.

இன்று நம் இறையியற் கல்லூரிகளின் நிலை யாது? ஆண்டுதோறும் அரிய விரிவுரைக் குறிப்புகள் உருவாகின்றன. ஆசிரியர் ஓய்வு பெற்றதும் அவை அவருடைய பெட்டியில் அடங்கிவிடுகின்றன. பிறருடைய திறந்த நூல்களைப் பெற்றுக்கொண்டு நம்முடையவற்றைப் பூட்டிவைப்பது, இலவசமாய்ப் பெற்றதை இலவசமாய்க் கொடுக்கும்படி பணித்த ஆண்டவரின் கட்டளைக்கு (மத்தேயு 10:8) ஒவ்வாது. ரூத்தின் கதையையும் கிணற்றடி நிகழ்ச்சியையும் நம் மாணவர் எழுதட்டும். கிராம சபைகளில் அவற்றைச் சொல்லிச் சோதிக்கட்டும். குறை நீக்கி, அதே உரிமத்துடன் வெளியிடட்டும். பெற்ற கொடைக்கு நாம் செலுத்தும் நன்றி அதுவேயாகும்.