வாழ்த்துகிறார்கள், ஜாக்கிரதை!

பிரிட்டிஷ் நகைச்சுவை என்றால் உயிரையே விடுவேன் என்கிறவரிடம் கேம்பிரிட்ஜ் ஃபுட்லைட்ஸ் பற்றி வாயெடுத்தால், “மிஸ்டர் பீன் மாதிரியா?” என்பார். ஐயா, அவர் ஆக்ஸ்ஃபர்டு! இன்னொருவர், “அதெல்லாம் நமக்குப் புரியாதுங்க” என்று பார்க்காமலே நழுவுவார். இந்த இருவருக்காகத்தான் எழுதுகிறேன்.

அடிப்படை இவ்வளவுதான். ஃபுட்லைட்ஸ் மேடையேற்றுவது ரெவ்யூ. அதில் கதை கிடையாது. துண்டு நாடகம், பாட்டு, தனிப்பேச்சு; விளக்கு அணையும், அடுத்தது வரும். ஃபுட்லைட்ஸ் 1883இல் தொடங்கிய மாணவர் குழு. ‘ஸ்மோக்கர்’ எனப்படும் சின்ன நிகழ்ச்சிகளில் புதுச் சரக்கை ஓட்டிப் பார்ப்பார்கள். தேறியது ரெவ்யூவுக்குப் போகும். ரெவ்யூ எடின்பரோ விழாவுக்குப் போகும். போதும், விஷயத்துக்கு வருவோம்.

விஷயம் தொல்காப்பியத்தில் இருக்கிறது. சிரிக்காதீர்கள். அங்கதம் இரண்டு வகை என்கிறார் தொல்காப்பியர்: செம்பொருள், கரந்தது. முதலாவது முகத்துக்கு நேரே வைவது. இரண்டாவது வசையை ஒளித்துவைப்பது. அதியமானுக்காகத் தூது போன ஔவை, தொண்டைமானின் ஆயுதங்கள் நெய் பூசி, மாலை சூட்டி, பளபளவென்று இருப்பதைப் பாராட்டினாளே, அது இரண்டாம் வகை. போரையே காணாத ஆயுதம்தானே பளபளக்கும்?

மாணவர் மேடையின் உயிர் இந்த இரண்டாம் வகையில்தான் இருக்கிறது. மந்திரி பெயரைச் சொல்லி நாலு திட்டு திட்டினால் “துணிச்சலான அங்கதம்” என்று நட்சத்திரம் வழங்கும் விமர்சகர்கள் இருக்கிறார்கள். திட்டுவதற்கு எதற்கு மேடை? தெருக்குழாயடி போதும்.

பீட்டர் குக்கைப் பாருங்கள். ஃபுட்லைட்ஸில் தேறியவர். 1960இல் வேறு மூவரோடு ‘பியாண்ட் த ஃபிரிஞ்ச்’ போட்டார். அதில் பிரதமர் மேக்மில்லனாக வந்து, அவருடைய களைத்த மேட்டுக்குடிக் குரலில், உலக நிலவரத்தை நாட்டு மக்களுக்கு எடுத்துரைப்பார். வைகிற சொல் ஒன்றும் வேண்டியதில்லை. அந்தக் குரலே வசை. ஒருநாள் நிஜ மேக்மில்லனே பார்வையாளராக வந்து உட்கார்ந்தார். குக் எழுதிவைத்ததை விட்டு விலகி அவரை நேராகவே தாக்கினார். இதைத்தான் வீரம் என்று எல்லாரும் கொண்டாடுகிறார்கள். எனக்கென்னவோ, கரந்ததிலிருந்து செம்பொருளுக்குச் சறுக்கிய இடமாகத்தான் அது படுகிறது.

எதிர்ப்பக்கத்தில் 1981இன் ‘செல்லர் டேப்ஸ்’. எடின்பரோவில் நகைச்சுவைக்கான பெரியர் விருது தொடங்கிய ஆண்டே அதை வென்ற ஃபுட்லைட்ஸ் ரெவ்யூ. ஸ்டீபன் ஃபிரை, ஹ்யூ லாரி, எம்மா தாம்ஸன் எல்லாம் அதில் உண்டு. “அட, ‘ஹவுஸ்’ தொடரின் டாக்டர்!” என்று லாரியின் முகம் தேடுவதோடு நின்றுவிடாதீர்கள், அது கல்யாண ஆல்பம் பார்க்கும் ரசனை. ஷேக்ஸ்பியர் வகுப்புக் காட்சிக்குப் போங்கள். ஃபிரை ஆசான், லாரி சீடன். வசனத்தில் ‘டைம்’ என்ற முதல் சொல்லைத் தாண்ட விடமாட்டார் ஆசான். அது ஏன் பெரிய எழுத்தில் தொடங்குகிறது என்று கேட்பார். வரியின் முதல் சொல் என்பதால் என்பான் சீடன். ஆசானுக்கு அது போதாது, ஆழம் வேண்டும். யாரையும் யாரும் பழிக்கவில்லை. இருவரும் ஷேக்ஸ்பியரை வணங்கிக்கொண்டேதான் இருக்கிறார்கள்.

ஆகவே பயிற்சி ஒன்றே ஒன்று: மேடையில் யாராவது எதையாவது புகழ்ந்தால் நிமிர்ந்து உட்காருங்கள். வசை எங்கே பதுங்கியிருக்கிறது என்று தேடுங்கள். ஆங்கிலம் முழுக்கப் புரிய வேண்டியதில்லை. உங்களிடம் மட்டும் சொல்கிறேன், எனக்கே பாதிதான் புரியும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அந்த வகுப்பைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்துக்கொண்டிருந்தபோது எங்கள் கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் நினைவுக்கு வந்தார். ஒரே சொல்லுக்கு ஒரு மணி நேரம் விளக்கம் சொல்வார். முன்பெஞ்சில் உட்கார்ந்து பரவசமாகத் தலையாட்டியவன் நான்தான். அதற்குப் பிறகு அந்தக் காட்சியில் ஃபிரையைப் பார்ப்பதில்லை. லாரியின் தலையாட்டலைத்தான் பார்க்கிறேன்.