மஞ்சக்குடி அனுபவம்: முகாம் முடிந்த பிறகு

சித்தப்பா இறந்து ஐந்து வருஷம் கழித்து, பாபநாசம் பக்கத்து வீட்டில் பீரோவை ஒழிக்கும்போது ஒரு நாற்பது பக்க நோட்டு கிடைத்தது. அரசு ஆஸ்பத்திரிக்குத் தொடர்ந்து போகிறவர்கள் ஓ.பி. சீட்டோடு சேர்த்து வைத்திருப்பார்களே, அந்த மாதிரி. மூன்று பக்கம்தான் எழுதியிருந்தது. மூன்று தேதி, மூன்று முறையும் ஏறக்குறைய அதே மாத்திரைகள், கீழே 'கவுன்சிலிங்' என்று ஒரு சொல், அதற்கும் கீழே அடுத்து வரவேண்டிய நாள். மூன்றாவது பக்கத்தில் இருந்த அடுத்த தேதி 2017 அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை. சம்பா நடவு நேரம். அவர் போகவில்லை. ஏன் வரலைன்னு யாரும் கேட்கவும் இல்லை.

அந்த நோட்டு கையில் இருந்த வாரத்தில்தான் மஞ்சக்குடி கட்டுரையை மறுபடி எடுத்து வாசித்தேன். குடி நோய் சிகிச்சை பற்றித் தேடுகிறவர்கள் எப்படியும் இதில் வந்து நிற்பார்கள். சாந்தி ரங்கநாதன் எழுதியது, 1994-ல் 'அடிக்‌ஷன்' என்ற ஆய்விதழில் வந்தது. தலைப்பே 'மஞ்சக்குடி அனுபவம்' என்றுதான் தொடங்கும். நம் குடவாசல் பக்கத்து மஞ்சக்குடிதான். இன்றைக்குத் திருவாரூர் மாவட்டம். முகாம்கள் தொடங்கிய 1980-களின் கடைசியில் அது பழைய தஞ்சாவூர் மாவட்டம்.

சாந்தி ரங்கநாதனைப் பற்றி இரண்டு வரி. கணவர் டி.டி. ரங்கநாதனைக் குடிக்குப் பறிகொடுத்தவர். 1980-ல் சென்னையில் அவர் பெயரிலேயே ஒரு அறக்கட்டளை தொடங்கினார், பின்னாளில் அதுதான் டி.டி.கே. மருத்துவமனை என்று பேராயிற்று. குடியை ஒழுக்கக் கேடாகப் பார்த்த காலத்தில் அதை நோய் என்று சொல்லி ஆஸ்பத்திரி நடத்தியது சின்ன காரியம் இல்லை. 1992-ல் பத்மஸ்ரீ கிடைத்தது.

மஞ்சக்குடியில் அவர்கள் செய்தது என்ன? சென்னைக்கு வந்து படுத்து வைத்தியம் பார்க்க வழியில்லாத கிராமத்து ஆட்களுக்காக, சிகிச்சையையே ஊருக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். பதினைந்து நாள் முகாம், இலவசம். இடமும் உள்ளூர் ஆதரவும் ஊர்க்காரர்கள் பொறுப்பு, டாக்டரும் கவுன்சிலரும் இவர்கள் பொறுப்பு. குடும்பத்தாரையும் உட்காரவைத்துப் பேசினார்கள். முகாம் முடிந்த பிறகு தொடர்ந்து பார்ப்பதற்கும் அந்த வட்டாரத்திலேயே ஏற்பாடு.

இந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டுகிறவர்கள் எல்லாரும் முகாமைப் பற்றித்தான் பேசுகிறார்கள். என் வாசிப்பில் அங்கே வேலை செய்தது அந்தக் கடைசி ஏற்பாடு. பதினைந்து நாளில் உடம்பு தெளியும். கை நடுக்கம் நிற்கும், தூக்கம் திரும்பும், சாப்பாடு இறங்கும். பதினாறாம் நாள் அதே தெரு, அதே கூட்டாளி, அதே கடன். அந்தப் பதினாறாம் நாளிலிருந்து ஒரு வருஷத்துக்கு ஊர்ப்பக்கமே ஆள் வந்து விசாரித்தார்கள் பாருங்கள், அதுதான் சரக்கு. கட்டுரையின் தலைப்பிலேயே 'முகாம் அணுகுமுறை' என்று போட்டுவிட்டதால், பின்னால் வந்தவர்கள் முகாமை எடுத்துக்கொண்டு மீதியை விட்டுவிட்டார்கள் என்பது என் குற்றச்சாட்டு.

நம் ஊரில் முகாம் என்ற சொல்லுக்கு ஒரு பழக்கதோஷம் உண்டு. கண் சிகிச்சை முகாம், குடும்பக் கட்டுப்பாட்டு முகாம், ரத்ததான முகாம். மதுரையில் 1976-ல் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை ஊர் ஊராகப் போய் முகாம் போட்டு லட்சக்கணக்கான பேருக்குப் பார்வை கொடுத்தது. ஆனால் கண்புரை ஒருமுறை எடுத்தால் எடுத்ததுதான். குடி அப்படி இல்லை, மனச்சோர்வும் அப்படி இல்லை. திரும்ப வருவதுதான் அதன் குணம். திரும்ப வரும் நோய்க்குத் திரும்ப வராத வைத்தியரை அனுப்பி என்ன பிரயோஜனம்? பேனர், குத்துவிளக்கு, மறுநாள் பேப்பரில் போட்டோ. எல்லாம் முதல் நாளோடு சரி.

இனி அரசு பக்கம். மாவட்ட மனநலத் திட்டம் 1996-ல் நாட்டிலேயே முதலில் தொடங்கிய நான்கு மாவட்டங்களில் திருச்சி ஒன்று. தஞ்சாவூரிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவு. இன்றைக்குத் தமிழ்நாடு முழுக்க இந்தத் திட்டம் இருக்கிறது. மாவட்டத்துக்கு ஒரு மனநல மருத்துவர், கூட ஒரு சிறிய குழு. அவர்கள் குறிப்பிட்ட கிழமைகளில் தாலுகா ஆஸ்பத்திரிகளுக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் போய் உட்கார்ந்து புறநோயாளிகளைப் பார்ப்பார்கள். மாத்திரை இலவசம், ஆலோசனை இலவசம். இந்தியாவின் பல மாநிலங்களோடு ஒப்பிட்டால் நாம் கொடுத்துவைத்தவர்கள். 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டமோ, கட்டக்கூடிய செலவில் சிகிச்சை பெறுவது உரிமை என்றே எழுதிவைத்துவிட்டது.

அப்புறம் ஏன் சித்தப்பா மூன்று பக்கத்தோடு நின்றார்?

சித்தியிடம் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். கட்டணம் சைபர். ஒரு நாள் கூலி போச்சு, அன்றைய கணக்குக்கு ஐந்நூறுக்குக் குறையாது. இரண்டு பஸ், இரண்டு டீ, ஒரு சாப்பாடு. துணைக்கு சித்தி போனால் அவர் கூலியும் போச்சு. ஆக 'இலவச' ஆலோசனைக்கு ஒரு தடவைக்கு ஆயிரம் ரூபாய் பக்கம். பதினைந்து நாளைக்கு ஒருமுறை என்றால் மாதம் இரண்டாயிரம். அதுவும் நடவுக்கும் அறுப்புக்கும் ஆள் கிடைக்காமல் தவிக்கும் வாரத்தில் 'நாளைக்கு ஆஸ்பத்திரி' என்று சொன்னால், அடுத்த தடவை கூப்பிட மாட்டார்கள். டெல்டாவில் வேலை இருக்கிற மாதங்களே எண்ணிக்கையில்தான். மேட்டூர் திறக்கிற தேதி தள்ளிப்போனால் அதுவும் கிடையாது. 'எளியவர்க்கு ஏற்ற கட்டணம்' என்று நாம் பேசுவதெல்லாம் சீட்டு வாங்குமிடத்துக் கணக்கு. வீட்டுக் கணக்கு வேறு.

நேரத்தைப் பாருங்கள். அரசு ஆஸ்பத்திரி ஓ.பி. காலையில் தொடங்கி நண்பகலோடு முடியும். டாஸ்மாக் கடை திறப்பது பகல் 12 மணிக்கு. யாரும் திட்டமிட்டுச் செய்ததாக நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு கதவு சாத்தும்போது இன்னொரு கதவு திறக்கிறது, ராத்திரி பத்து வரை. தேவைப்படுகிற ஆள் சாயங்காலம் ஐந்தரைக்குத்தான் களத்துமேட்டிலிருந்து வருவார். அந்த நேரத்தில் அவருக்காகத் திறந்திருக்கும் இடம் எது என்று கேட்டால் பதில் எல்லாருக்கும் தெரியும்.

இன்னொன்று. டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இப்போது டிக்கெட் இல்லை. நல்ல திட்டம். அதனால் குடிக்கிறவருக்குப் பதில் அவர் சம்சாரமோ அம்மாவோ போய் மாத்திரை வாங்கிவருவது சுலபமாகிவிட்டது. மாத்திரையைக் கொண்டுவரலாம், பேச்சை எப்படிப் பொட்டலம் கட்டிக்கொண்டு வருவது? சித்தி பேசினது அன்றைக்கு என்னை யோசிக்கவைத்தது: "வரிசையில நின்ன பொம்பளைங்க எல்லாரும் ஒரே கதைதான் தம்பி. ஆனா எங்களுக்குன்னு யாரும் சீட்டு போடல." ராத்திரித் தூக்கம் போய், சாப்பாடு பிடிக்காமல், காரணமில்லாமல் அழுதுகொண்டிருந்த இரண்டு வருஷம் அவருக்கும் ஒரு நோயாளிச் சீட்டு வந்திருக்க வேண்டும்.

இதற்கு நிர்வாகக் காரணமும் உண்டு. மனநலத் திட்டம் சுகாதார அமைச்சகத்தின் கையில். போதை மறுவாழ்வு மையங்களுக்கு நிதி கொடுப்பது சமூக நீதி அமைச்சகம். ஒரே வீட்டுக்குள் இருக்கும் இரண்டு பேர் இரண்டு அமைச்சகம்! இதற்கு மேல் விளக்கத் தேவையில்லை.

'கவுன்சிலிங்' என்ற சொல்லே ஒரு வேடிக்கை. நான் 1997-ல் பி.இ. சேர்ந்தது கவுன்சிலிங்கில். தமிழ்நாட்டில் பாதிப்பேருக்கு அந்தச் சொல்லின் அர்த்தம் அதுதான், வாத்தியார் வீடுகளில் டிரான்ஸ்ஃபர் கவுன்சிலிங். முதல் நாள் நோட்டைப் பார்த்துவிட்டு சித்தப்பா, "எனக்கு எந்த காலேஜ்ல சீட்டு குடுக்குறாங்களாம்?" என்று கேட்டாராம். உள்ளே நடந்ததும் ஏறக்குறைய அப்படித்தான். ஐந்து நிமிஷம். குடிக்கக்கூடாது, பிள்ளைகளை நினைச்சுப் பாருங்க, அடுத்த செவ்வாய் வாங்க. அந்தக் கவுன்சிலரைக் குறை சொல்ல மாட்டேன். வெளியே நாற்பது பேர் உட்கார்ந்திருந்தால் யாராலும் அதைத்தான் சொல்ல முடியும்.

சரி, குறைந்த செலவில் புறநோயாளி ஆலோசனை என்பது ஒழுங்காகச் செய்தால் பலன் தருமா? இதற்கு இந்தியாவிலேயே சோதித்த பதில் இருக்கிறது. கோவாவில் சங்காத் என்ற அமைப்பும் விக்ரம் படேல் குழுவும், மனநலப் பட்டம் எதுவும் இல்லாத உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஆரம்ப சுகாதார நிலையங்களில் குடிக்கும் ஆண்களுடன் அதிகபட்சம் நான்கு முறை பேசவைத்தார்கள். 377 பேர். 'லான்செட்' 2017-ல் வெளியிட்டது. மூன்று மாதம் கழித்து, ஆலோசனை பெற்றவர்களில் 36 சதவீதம் பேர் அபாயக் குடியிலிருந்து விலகியிருந்தார்கள்; வழக்கமான சிகிச்சையில் 26. பெரிய வித்தியாசம் இல்லை என்று தோன்றும். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தபோது 54-க்கு 32. பேச்சின் பலன் மாத்திரை மாதிரி உடனே தெரிவதில்லை போல.

ஆனால் இதைக் காட்டி 'நான்கு முறை பேசினால் போதும்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்த ஆய்வில் சேர்த்தது நடுத்தர அபாயத்தில் குடிப்பவர்களை. குடிக்கு முழுக்க அடிமையாகி, நிறுத்தினால் வலிப்பு வரும் நிலையில் உள்ளவர்களை அல்ல. மஞ்சக்குடிக்கு வந்தவர்கள் இரண்டாவது ரகம். அவர்கள் திடீரென்று தாமாக நிறுத்துவது உயிருக்கே ஆபத்து, சில நாளாவது மருத்துவக் கண்காணிப்பு வேண்டும். ஆக, மஞ்சக்குடியின் பதினைந்து நாளை நான் தள்ளவில்லை. கோவாவின் நான்கு பேச்சு அதற்கு முன்னாலும் பின்னாலும் வரவேண்டியது. முன்னால் வந்திருந்தால் பலருக்கு அந்தப் பதினைந்து நாளே தேவைப்பட்டிருக்காது.

எத்தனை பேருக்கு எதுவுமே கிடைப்பதில்லை என்பதற்கு ஒரு எண்: 2019-ல் வெளியான எய்ம்ஸ் தேசியக் கணக்கெடுப்பின்படி, குடிக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவர்தான் ஏதாவதொரு சிகிச்சை பெறுகிறார். உள்நோயாளியாகச் சேர்ந்தவர் 180-ல் ஒருவர். இந்த எண் வருகிற இடமெல்லாம் 'படுக்கைகளைக் கூட்டு' என்கிறார்கள். எனக்கு என்னவோ அந்த 38-ல் ஒருவரும் எத்தனை முறை போனார் என்ற கேள்விதான் முன்னால் நிற்கிறது. சித்தப்பாவும் அந்தக் கணக்கில் 'சிகிச்சை பெற்றவர்' தானே.

நான் வேலை பார்க்கும் துறையில் ஒரு ஆப்பை எத்தனை பேர் இறக்கினார்கள் என்ற எண்ணை யாரும் பெருமையாகச் சொன்னால் சிரிப்போம். முப்பது நாள் கழித்து எத்தனை பேர் திறந்தார்கள், அதைச் சொல்லு என்போம். மருத்துவத் திட்ட அறிக்கைகளில் 'பயனடைந்தோர்' என்ற ஒரே பத்தி. முதல்முறை வந்தவரும் பத்தாம் முறை வந்தவரும் அதில் ஒன்றாகக் கூட்டப்படுகிறார்கள். நான்காவது முறை வந்தவர்கள் எத்தனை பேர் என்று ஒரே ஒரு பத்தி கூடுதலாகப் போட்டால், கூட்டம் காலையிலிருந்து சாயங்காலத்துக்குத் தானாக நகரும் என்று நினைக்கிறேன். எண்ணப்படுவதைத்தான் எல்லா அலுவலகமும் செய்யும், என் அலுவலகம் உட்பட.

பக்கத்துப் புதுக்கோட்டை மாவட்டத்தில் சென்னையின் ஸ்கார்ஃப் அமைப்பு 2010 முதல் ஒரு பஸ்ஸை ஓட்டியது. பஸ்ஸுக்குள்ளேயே வீடியோவில் சென்னை டாக்டர் பேசுவார், மாத்திரையும் பஸ்ஸிலேயே கிடைக்கும். மஞ்சக்குடியின் உண்மையான வாரிசு என்று அதைத்தான் சொல்வேன், மனச்சிதைவு போன்ற நோய்களுக்காக வந்ததென்றாலும். வண்டி திரும்பத் திரும்ப வந்தது, அவ்வளவுதான் விஷயம்.

14416 என்ற தொலைபேசி எண் 2022 அக்டோபரிலிருந்து இருக்கிறது, தமிழில் பேசலாம், காசு இல்லை. பஸ் செலவும் கூலி இழப்பும் இல்லாத ஒரு வழி இது. அவசரத்துக்கு நிச்சயம் கூப்பிடுங்கள். ஆனால் அடிப்படையில் அது நாம் கூப்பிடும் எண். குடிக்கிறவர் தாமாக எடுத்துக் கூப்பிடுவது அபூர்வம். சித்தப்பாவுக்குத் தேவைப்பட்டது எதிர்ப்பக்க அழைப்பு: "செவ்வாய்க்கிழமை வரலையே, நடவா? சரி, ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வர்றீங்களா?"

அப்படிக் கேட்க நம் ஊர் காலண்டர் தெரிந்த ஆள் வேண்டும். எங்கள் ஊரில் குடிக்கிறவர்களில் பாதிப்பேர் கார்த்திகையில் மாலை போடுவார்கள். நாற்பத்தெட்டு நாள் ஒரு சொட்டு தொட மாட்டார்கள், சித்தப்பாவும்தான். மாலை கழற்றும் அன்றைக்கு ராத்திரியே தொடங்கிவிடும். நாற்பத்தெட்டு நாள் தெளிந்த தலையோடு, செருப்பில்லாமல், எல்லாரும் 'சாமி' என்று மரியாதையாகக் கூப்பிட, ஊருக்குள் ஒரு மனிதர் நடக்கிறார். கவுன்சிலர் போய் உட்கார்ந்து பேச அதைவிட நல்ல நேரம் எது? அந்த வருஷம் அக்டோபரில் விட்ட செவ்வாய்க்கிழமைக்கு அப்புறம், நவம்பர் நடுவில் அவர் மாலை போட்டார். ஜனவரியில் மலைக்குப் போய்த் திரும்பும் வரை ஏறக்குறைய இரண்டு மாதம் வீட்டில்தான் இருந்தார். நோட்டின் முன்னட்டையில் வீட்டு போன் நம்பர் எழுதியிருக்கிறது, சித்தியின் கையெழுத்தில்.