சம்பளச் சீட்டு இல்லாதவருக்குக் கடன்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் சரக்கேற்றும் பழைய லாரியின் ஆர்.சி. புக்கில், உரிமையாளர் பெயரோடு ஏதோ ஒரு பைனான்ஸ் கம்பெனியின் பெயரும் இருப்பது வழக்கம். சென்னையில் பிறந்த ஸ்ரீராம் நிதிக் குழுமம் வளர்ந்தது இந்தப் பழைய வண்டிகளை நம்பித்தான். 1974-இல் சீட்டுக் கம்பெனியாகத் தொடங்கி, 1979-இல் லாரிக் கடனுக்கு வந்தார் ஆர். தியாகராஜன். 2022-இல் குழும நிறுவனங்கள் இணைந்து ஸ்ரீராம் பைனான்ஸ் ஆயின. 2025 மார்ச் முடிவில் நிலுவைக் கடன் 2.6 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியிருந்தது.

இதன் சூட்சுமம் எளிது. புது லாரி முதல் சில ஆண்டுகளில் மளமளவென்று விலை இறங்கும். பழையது மெல்லத்தான் இறங்கும். டியூ நின்று வண்டியை விற்க நேர்ந்தாலும் பெரிய நட்டமில்லை. டிரைவரிடம் வருமான வரிக் கணக்கு இருக்காது. ஆனால் எந்த ரூட்டில் ஓட்டுகிறார், யார் லோடு கொடுக்கிறார், யார் ஜாமீன் நிற்பார் என்பது வசூலுக்கு வரும் ஊழியருக்குத் தெரியும். வங்கி கைவிட்ட ஓட்டுநரை முதலாளி ஆக்கியது இந்த அறிவுதான். இதைக் கந்துவட்டியோடு சேர்த்துப் பேசுவது நியாயமில்லை.

போட்டிக்கும் குறைவில்லை. டி.எஸ். சந்தானம் 1954-இல் தொடங்கிய சுந்தரம் பைனான்ஸ் ஆள் பார்த்துக் கடன் கொடுக்கும். வாராக்கடனும் ஸ்ரீராமைவிட வெகு குறைவு. அம்பத்தூரில் டிஐ சைக்கிள்ஸை நிறுவிய முருகப்பா குழுமத்தின் சோழமண்டலம் 1978-இல் வந்தது. ஆனால் போட்டி யாருக்காக? ஆவடி டாங்கித் தொழிற்சாலை ஊழியர் கார் வாங்கப் போனால் வங்கிகளே வட்டியைக் குறைத்துக்கொண்டு பின்னால் வரும். பூந்தமல்லியில் பழைய வண்டி வாங்கும் லோடு ஆட்டோக்காரருக்காக யாரும் வட்டியைக் குறைப்பதில்லை. அங்கே கம்பெனிகள் மோதிக்கொள்வது வேகத்தில்தான்: இன்றைக்கே பணம், குறைந்த முன்பணம்.

பழைய வண்டிச் சந்தையின் பெரிய கோளாறு பிளாட் வட்டி. 1 லட்ச ரூபாய், 3 வருடம், 12 சதவீதம் என்பார்கள். வட்டி 36,000, மாத டியூ சுமார் 3,778. அசல் மாதாமாதம் குறைந்தும், வட்டி மட்டும் முழு லட்சத்துக்கே போடப்படுகிறது. குறையும் அசலுக்குக் கணக்கிட்டால் உண்மை வட்டி 21 சதவீதத்தைத் தாண்டும். ஏட்டில் வராத வருமானம், அலைந்து வசூலிக்கும் செலவு எல்லாவற்றுக்கும் விலை உண்டு, சரி. அந்த விலையை மறைத்துச் சொல்ல என்ன அவசியம்? வாடிக்கையாளர் டியூ தொகையை மட்டும் கேட்பது கம்பெனிகளுக்குச் சௌகரியம்.

இன்னொரு கோளாறு, டியூ நின்றால் வண்டியைத் தூக்குவது. அடியாட்களை வைத்து வாகனத்தைப் பறிக்கக் கூடாது என்று 2007-இலேயே உச்ச நீதிமன்றம் கண்டித்தது. 2022-இல் ஜார்க்கண்டின் ஹசாரிபாக்கில் டிராக்டர் கடன் வசூலின்போது கர்ப்பிணி ஒருவர் இறந்தார்; அதன் பிறகே, வெளியாட்களை வைத்து வசூலிக்க மஹிந்திரா பைனான்ஸுக்கு ரிசர்வ் வங்கி தடை போட்டது. தடை சில மாதங்களில் நீங்கியது.

கட்டணங்களையும் சேர்த்த உண்மையான ஆண்டு வட்டியை, கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் எழுதித் தர வேண்டும் என்ற ரிசர்வ் வங்கி விதி 2024 அக்டோபர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. கையெழுத்துக்கு முன் அந்தத் தாளைத் தமிழில் கேளுங்கள். கடைசி டியூ கட்டியதும் என்.ஓ.சி.யும் படிவம் 35-ம் வாங்கி, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கொடுத்து ஆர்.சி.யிலிருந்து கம்பெனி பெயரை நீக்கிவிடுங்கள்.