ஹட்டன் நீதிமன்றத்தில் வழக்கை நடத்துவது யார்?

குற்ற வழக்குகளைச் சட்டமா அதிபர் திணைக்களத்திடமிருந்து பிரித்தெடுத்து, சுயாதீனமான வழக்குத்தொடுநர் அலுவலகம் ஒன்றிடம் கொடுக்க வேண்டும் என்ற யோசனை இலங்கையில் மறுபடி மேலெழுந்திருக்கிறது. தேசிய மக்கள் சக்தி அரசாங்கம் 2025இல் அதைக் கையிலெடுத்தது. கொழும்பில் நடக்கும் விவாதம் பெரும்பாலும் அரசியல்வாதிகளின் ஊழல் வழக்குகளைச் சுற்றியே போகிறது. இன்னார்மீது வழக்குப் போடத் தயங்கியது ஏன், போட்ட வழக்கைக் கைவிட்டது ஏன் என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விகள்தான். ஆனால் மலையகத்தின் நோர்வூட்டிலோ பொகவந்தலாவையிலோ இருந்து ஒரு தோட்ட லயத்துக் குடும்பம் நீதவான் நீதிமன்றத்துக்கு வரும்போது அங்கே சட்டமா அதிபரைக் காண்பதில்லை. அநேகமாக அவருடைய அரச சட்டத்தரணியையும் காண்பதில்லை. அரசின் பெயரால் எழுந்து நிற்பவர் ஒரு பொலிஸ் அதிகாரி. இந்த யோசனையை மலையகத்தின் பக்கம் நின்று எடைபோடுகிறவர் அந்த அதிகாரியிடமிருந்துதான் தொடங்க வேண்டும்.

முறைப்பாட்டை எழுதுவது பொலிஸ். வாக்குமூலம் பதிவது பொலிஸ். கைதானவரை 24 மணித்தியாலத்துக்குள் நீதவான்முன் நிறுத்தி ‘பீ’ அறிக்கை கொடுப்பது பொலிஸ். எந்தப் பிரிவின்கீழ் குற்றஞ்சாட்டுவது என்று முடிவுசெய்து, வழக்கைத் தாக்கல் செய்து, சாட்சிகளை விசாரிப்பதும் பெரும்பாலும் அதே நிலையம்தான். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 191ஆம் பிரிவு இதற்கு இடம் தருகிறது. கொலை, பாலியல் வல்லுறவு போன்ற பாரதூரமான குற்றங்களின் கோவைகள் மட்டுமே கொழும்பு புதுக்கடையிலுள்ள சட்டமா அதிபர் திணைக்களத்துக்குப் போய், அவரது குற்றப்பத்திரிகையோடு மேல் நீதிமன்றத்துக்குத் திரும்பி வருகின்றன.

இந்த ஏற்பாட்டில் நன்மையே இல்லை என்று சொல்ல மாட்டேன். செலவு குறைவு. கசிப்பு, குடித்துவிட்டுச் சண்டை, போக்குவரத்து வழக்குகள் வேகமாக முடிகின்றன. குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டப்பணத்தைக் கட்டிவிட்டு மறுநாள் வேலைக்கு ஆளெடுக்கும் பெரட்டுக்குப் போய் நிற்பவருக்கு அந்த வேகம் தேவையானதுதான். ஆனால் ஒப்புக்கொண்டவருக்கு எதிராக உண்மையில் எவ்வளவு சாட்சியம் இருந்தது என்று சட்டம் படித்த ஒருவர் முன்கூட்டியே பார்த்தாரா? கைதுசெய்தவரும் வழக்கு நடத்துபவரும் ஒரே நிலையத்தவராக இருக்கையில் ‘இந்த வழக்கு நிற்காது, விட்டுவிடுவோம்’ என்று சொல்ல அங்கே ஆள் இல்லை.

முறைப்பாட்டாளர் தோட்ட நிர்வாகமாகவும் எதிரிகள் தொழிலாளர்களாகவும் இருக்கும்போது இந்தக் குறை பெரிதாகத் தெரிகிறது. 2021 பெப்ரவரியில் சாமிமலை ஓல்டன் தோட்டத்துப் போராட்டத்தின்போது முகாமையாளர் தாக்கப்பட்டதாக முறைப்பாடு எழுந்தது. இருபதுக்கு மேற்பட்ட தொழிலாளர் கைதானார்கள். யார் செய்தது குற்றம், யார் செய்யவில்லை என்பதை நீதிமன்றம்தான் சொல்ல வேண்டும். ஆனால் இதுபோன்ற ஒரு வழக்கில் கூட்டத்தில் நின்றவர் யார், கைநீட்டியவர் யார் என்று பிரித்துப் பார்த்து, நின்றவரை வழக்கிலிருந்து நீக்குவது வழக்குத்தொடுநரின் முதல் கடமை. அந்தக் கடமையை முறைப்பாட்டை ஏற்ற நிலையத்திடமே விட்டுவிடுவது தொழிலாளருக்கும் நீதியில்லை, பொலிஸாருக்கும் நீதியில்லை.

இது மலையகத்துக்குப் புதிய கேள்வியுமில்லை. 1940 ஜனவரியில் ஹேவாஹெட்டைப் பகுதியின் மூலோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தத்தின்போது பொலிஸ் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். விசாரணை ஆணைக்குழு அமைக்கப்பட்டது. அந்தக் கலவரத்தை ஒட்டிய வழக்குகளை ஆணைக்குழுவின் வேலை முடியும்வரை ஒத்திவைக்கும்படி பொலிஸார் நீதிமன்றத்தைக் கேட்க வேண்டும் என்று உள்நாட்டு அமைச்சர் சேர் டி. பி. ஜயதிலக்க விரும்பினார். பொலிஸ் மாஅதிபர் இணங்கவில்லை. ஆளுநர் கால்டெகொட் மாஅதிபர் பக்கம் நின்றார். அமைச்சர்கள் கூட்டாகப் பதவி விலகினார்கள். வழக்கை நடத்துவதா நிறுத்துவதா என்ற அதிகாரம் அமைச்சருக்கா பொலிஸுக்கா என்பதில் ஓர் அரசாங்கமே ஆட்டம் கண்டது. இரண்டு தரப்பிலும் ஓரளவு நியாயம் இருந்தது என்றே நினைக்கிறேன். அமைச்சர் ஒருவர் வழக்கின் போக்கில் கைவைப்பது ஆபத்து. சுட்டவர்களின் திணைக்களமே சுடப்பட்டவரின் தோழர்கள்மீது வழக்கு நடத்துவது அதைவிடப் பெரிய ஆபத்து. மூன்றாவதாக ஒருவர் வேண்டும் என்பதை அந்த நெருக்கடி அன்றே காட்டியது. அந்த மூன்றாமவர் இன்னும் ஹட்டனுக்கு வந்து சேரவில்லை.

மொழியைப் பற்றியும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நுவரெலியா மாவட்டத்தில் பாதிக்கு மேற்பட்டோர் தமிழர். ஆனாலும் அரசியலமைப்பின் 24ஆவது உறுப்புரைப்படி வடக்குக் கிழக்குக்கு வெளியே நீதிமன்றத்தின் வேலை பெரும்பாலும் சிங்களத்திலேயே நடக்கிறது. தமிழருக்கு மொழிபெயர்ப்புக்கான உரிமை உண்டு. இந்த உரிமை நீதிமன்ற வாசலில்தான் தொடங்குகிறது. சேதமோ அதற்கு வெகுமுன்னரே, பொலிஸ் நிலையத்து மேசையில் நடந்துவிடுகிறது. ஒரு பெண் தமிழில் அழுது சொன்னது சிங்களத்தில் எழுதப்படுகிறது. வாசிக்கத் தெரியாத தாளில் கையெழுத்து வாங்கப்படுகிறது. ஒரு வருடம் கழித்துச் சாட்சிக் கூண்டில் அந்தப் பெண் சொல்வதும் தாளில் இருப்பதும் ஒத்துப்போகாவிட்டால் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி அதை முரண்பாடு என்று காட்டுவார். அவரைக் குறைசொல்ல முடியாது, அது அவர் தொழில். வழக்குத் தாக்கலாவதற்கு முன் அந்த வாக்குமூலத்தைத் தமிழில் வாசித்துக் காட்டிச் சரிபார்க்கும் வழக்குத்தொடுநர் ஒருவர் இருந்தால் முரண்பாடு அங்கேயே தீர்ந்திருக்கும். தவணைகளையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். மஸ்கெலியாவிலிருந்து ஹட்டனுக்கு ஒரு தவணைக்குப் போனால் அன்றைக்குப் பேர் விழாது. அன்றைய நாட்சம்பளம் போய்விடும், பஸ் காசு வேறு. அதைக் கொடுத்துக் கொடுத்தே சாட்சிகள் கழன்று விழுகிறார்கள். தோட்டத்துத் தலைவர் வீட்டில் சமரசம் ஆகிவிடுகிறது.

மேல்மட்டத்தில் சட்டமா அதிபர் திணைக்களம் எப்படி? அதற்குத் திறமை இல்லை என்பது தவறான குற்றச்சாட்டு. 2015இல் புங்குடுதீவு மாணவி கொல்லப்பட்டபோது நாடே கொதித்தது. 2017 செப்டெம்பரில் யாழ்ப்பாணத்தில் மூன்று நீதிபதிகள் முன்னிலையில் வழக்கு முடிந்து ஏழு பேருக்கு மரணதண்டனை விதிக்கப்பட்டது. 2021 ஜூலையில் முன்னாள் அமைச்சர் ஒருவரின் கொழும்பு வீட்டில் வேலை செய்த டயகமச் சிறுமி தீக்காயங்களோடு இறந்தபோது மலையகம் தெருவில் இறங்கியது. புதைத்த உடலைத் தோண்டியெடுத்து இரண்டாம் முறை பரிசோதித்தார்கள், கைதுகள் நடந்தன. ஆக, சத்தம் எழுந்தால் இயந்திரம் அசைகிறது. சத்தம் எழாத கோவைகள் புதுக்கடையில் காத்துக் கிடக்கின்றன. அவற்றின் சந்தேகநபர்கள் விளக்கமறியலில் காத்துக் கிடக்கிறார்கள். இலங்கைச் சிறைகளில் தண்டனை பெற்றவர்களைவிட விளக்கமறியலில் இருப்பவர்களே அதிகம் என்பது தற்செயல் இல்லை.

பண்டாரவளை பிந்துனுவெவ இன்னும் கசப்பான பாடம். 2000 ஒக்டோபர் 25 அன்று அங்கிருந்த புனர்வாழ்வு முகாமில் 25க்கும் அதிகமான தமிழ் இளைஞர்கள் கும்பலால் கொல்லப்பட்டார்கள். பொலிஸார் அருகிலேயே இருந்தார்கள். 41 பேர்மீது குற்றப்பத்திரிகை தாக்கலாகி, ஐவர் குற்றவாளிகளாகி, 2005இல் உச்ச நீதிமன்றத்தோடு எல்லாம் முடிந்தபோது தண்டனையோடு எஞ்சியவர் ஒருவருமில்லை. சுயாதீன அலுவலகம் இருந்திருந்தால் முடிவு மாறியிருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. புலனாய்வு பழுதானால் எந்த வழக்குத்தொடுநரும் கைகட்டப்பட்டவரே. ஆனால் பொலிஸார் சந்தேகத்துக்குள்ளாகும் இடத்தில் பொலிஸார் சேகரித்ததைத் தூரத்திலிருந்து வாசிப்பவரால் பயனில்லை என்பதையாவது அது நிரூபித்தது.

புதிய அலுவலகத்தின் பெயரைக் கேட்டு மகிழ்ந்துவிடவும் முடியாது. 1973ஆம் ஆண்டின் நீதி நிருவாகச் சட்டம் அரச வழக்குத்தொடுநர் பணிப்பாளர் என்ற பதவியை ஏற்கெனவே உண்டாக்கியது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் அது மறைந்தும் போனது. அந்தப் பதவி கொழும்பில் உட்கார்ந்திருந்தது, தோட்டத்து மனிதருக்கு எந்த மாற்றமும் தெரியவில்லை. அதே 1973இல் இந்தியா இயற்றிய குற்றவியல் நடைமுறைச் சட்டமோ கீழிருந்து தொடங்கியது. மாஜிஸ்திரேட் நீதிமன்றங்களில் உதவி அரசு வழக்கறிஞர்களை நியமிக்கச் சொன்னது. பொலிஸ் அதிகாரிகளை அந்தப் பதவியில் அமர்த்துவதைப் பொதுவாகத் தடுத்தது. இங்கிலாந்தும் 1986இல் வழக்கு நடத்தும் வேலையைப் பொலிஸிடமிருந்து எடுத்துத் தனிச் சேவையிடம் கொடுத்தது. இரண்டு இடங்களிலும் தாமதமும் வேலைப்பளுவும் தீரவில்லை. ஆனால் குற்றச்சாட்டைப் பொலிஸ் அல்லாத ஒருவர் ஒருமுறை வாசித்துப் பார்க்கிறார்.

ஆகவே என் தீர்ப்பு இது: சட்டமா அதிபரின் அதிகாரத்தை மட்டும் கொழும்பிலேயே இன்னொரு கட்டடத்துக்கு மாற்றும் யோசனையால் மலையகத்துக்குப் பயனில்லை. ஹட்டன், நுவரெலியா, வலப்பனை நீதவான் நீதிமன்றங்களில் தமிழ் தெரிந்த சட்டத்தரணிகளை வழக்குத்தொடுநர்களாக நிரந்தரமாக அமர்த்துவதும், கைது சம்பந்தப்பட்ட எந்த வழக்கும் அவர்களின் ஒப்பமின்றித் தாக்கலாகாது என்பதும், வழக்கைக் கைவிட்டால் காரணத்தைப் பாதிக்கப்பட்டவரின் மொழியில் எழுதிக் கொடுப்பதும் சேர்ந்தால் அதை முழு மனதோடு ஆதரிப்பேன். ஆள் போதாது என்பார்கள். மலையகத்திலிருந்து சட்டம் படித்து வெளிவரும் இளைஞர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு அரச நியமனம்தான் இல்லை. எல்லா வழக்குகளையும் ஒரே நாளில் எடுத்துக்கொள்ளவும் வேண்டியதில்லை. சிறுவர், பெண்கள் மீதான குற்றங்களும் பொலிஸாரோ தோட்ட நிர்வாகமோ ஒரு தரப்பாக உள்ள வழக்குகளும் முதலில் வரட்டும். சட்டமூலம் பாராளுமன்றத்துக்கு வரும் நாளில் மலையகப் பிரதிநிதிகள் முதலில் புரட்டிப் பார்க்க வேண்டியது அது 191ஆம் பிரிவை என்ன செய்கிறது என்பதை. அந்தப் பிரிவு இருந்தபடியே இருந்தால் திருத்தம் கேட்டுப் போராட வேண்டும். கிடைக்காவிட்டால் எதிர்த்து வாக்களிக்க வேண்டும்.