பனி பெய்யாத ஊரில் ஒரு பனிக்கால விளக்கு

பெட்டியின் மேல் பனி மூடிய சன்னல். பக்கத்தில் கம்பளிச் சட்டை போட்ட ஒரு பெண், கையில் ஆவி பறக்கும் கோப்பை. அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே, விசிறி முழு வேகத்தில் சுற்றும் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீட்டில், வியர்த்த கையால் பெட்டியைப் பிரித்தேன். உள்ளே ஒரு வெள்ளை எல்.இ.டி. பலகை, மடக்குக் கால், அடாப்டர், மெல்லிய கையேடு. காலையில் அரைமணி நேரம் எதிரே உட்கார்ந்தால் மனம் தெளியும் என்பது அது தரும் வாக்கு. விலை நூற்றைம்பது வெள்ளிக்குள். சொல்லிக்கொள்ளும்படியான பிராண்டு எதுவும் இல்லை. இணையக் கடைகளில் இதே பலகை வெவ்வேறு பெயர்களில் வரிசைகட்டி நிற்கிறது.

சரக்கு எப்படியிருந்தாலும், அதன் பின்னால் உள்ள மருத்துவம் ஏமாற்று வேலை அல்ல. தென்னாப்பிரிக்காவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய மனநல மருத்துவர் நார்மன் ரோசந்தால், குளிர்காலத்தில் மட்டும் வந்து வசந்தத்தில் விலகும் மனச்சோர்வைப் பற்றி 1984-இல் தன் குழுவினருடன் எழுதினார். பிரகாசமான ஒளி அதற்கு மருந்தாக இருப்பதையும் அவர்கள் காட்டினார்கள். ஆனால் நமக்கு ஏது குளிர்காலம்? கோலாலம்பூர் நிலநடுக்கோட்டுக்கு மூன்று பாகை வடக்கே இருக்கிறது. வருடத்தின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் இருபது நிமிடம்தான்.

அப்படியானால் இந்த விளக்கு நமக்கு வேண்டாத சரக்கு என்று தள்ளிவிடலாமா? முடியாது. கனடாவின் ரேமண்ட் லாம் குழு, பருவத்தோடு தொடர்பில்லாத சாதாரண மனச்சோர்வு நோயாளிகள் 122 பேரை எட்டு வாரம் கவனித்து 2016-இல் முடிவுகளை வெளியிட்டது. நோய்க்குறிகள் அநேகமாக நீங்கியவர்கள், ஒளி மட்டும் பெற்றவர்களில் 44 சதவீதம்; ஒளியோடு ஃபுளுவாக்செட்டின் என்ற மனச்சோர்வு மாத்திரையும் எடுத்தவர்களில் 59 சதவீதம்; போலிச் சிகிச்சை பெற்றவர்களில் 30 சதவீதம். மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் 19 சதவீதம்தான். இந்தக் கடைசி எண்ணைப் பிடித்துக்கொண்டு யாரும் மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. ஆய்வு சிறியது, மாத்திரைக்கு ஆதரவாக இதைவிடப் பெரிய ஆய்வுகள் பல இருக்கின்றன. ஒளிக்குக் குளிர்காலத்துக்கு வெளியேயும் வேலை இருக்கிறது என்பதுதான் இதில் நமக்குச் சேதி.

இனி கருவிக்கு வருவோம். பெட்டியில் பெரிய எழுத்தில் ‘10,000 லக்ஸ்’. லக்ஸ் என்பது ஓர் இடத்தில் விழும் வெளிச்சத்தின் அளவு. எவ்வளவு தொலைவில்? அது கையேட்டின் கடைசிப் பக்கத்தில், எறும்பு எழுத்தில் இருக்கிறது: 15 செ.மீ. அதாவது மூக்கு கிட்டத்தட்டப் பலகையில் இடிக்கும் தூரம். அந்தத் தூரத்தில் காலைப் பசியாறவும் முடியாது, செய்தி படிக்கவும் முடியாது. மனிதர் உட்காரக்கூடிய 30 செ.மீ. தொலைவுக்குத் தள்ளி, கைத்தொலைபேசியின் லக்ஸ் செயலியால் கண் மட்டத்தில் அளந்தால் மூவாயிரத்தைச் சுற்றி ஆடுகிறது. மேசையின் மறு ஓரத்தில், 60 செ.மீ. தொலைவில் வைத்தால் ஆயிரம்கூட இல்லை. செயலியின் அளவு துல்லியமானதல்ல, ஆனால் சரிவு பொய் சொல்லவில்லை. பலகை சிறியதாக இருந்தால் தலையைக் கொஞ்சம் பின்னால் சாய்த்தாலே ஒளி பாதியாகிவிடும். ஆய்வுகளில் பயன்படும் பெட்டிகள் அகலமாக இருப்பதற்குக் காரணம் இதுதான். 10,000 லக்ஸ் என்றால் அரைமணி நேரம், 2,500 லக்ஸ் என்றால் இரண்டு மணி நேரம் என்பது மருத்துவர்களின் பழைய கணக்கு. பெட்டியை நம்பி அரைமணி நேரம் 30 செ.மீ. தள்ளி உட்கார்ந்தவர், கால் பங்கு மருந்தை எடுத்துக்கொண்டு வேலை செய்யவில்லை என்று குறை சொல்வார்.

அடாப்டர் இரண்டு ஊசி. நம் சுவரிலோ மூன்று துளை. கூடவே ஒரு மாற்றி தந்திருக்கிறார்கள், ஆனால் அதிலும் அடாப்டரிலும் மலேசியத் தரச் சான்றான சிரிம் முத்திரை இல்லை. தினமும் எரியப்போகும் சாதனத்துக்கு இதை நான் சின்னக் குறையாக எடுத்துக்கொள்ள மாட்டேன். மற்றபடி சூடாவதில்லை, இரைச்சல் இல்லை, தானாக அணைய டைமர் இருக்கிறது. மூன்று வெளிச்ச நிலைகளில் கீழிரண்டும் அலங்காரத்துக்கு.

எதிரே உட்காரும் முறையும் முக்கியம். பல்பை முறைத்துப் பார்க்க வேண்டியதில்லை. கண்ணுக்குச் சற்று மேலே, கொஞ்சம் பக்கவாட்டில் வைத்து, கண்ணைத் திறந்தபடி நம் வேலையைப் பார்த்தால் போதும். கண்ணின் விழித்திரையில், உருவத்தைப் பார்ப்பதற்காக இல்லாமல் பகலா இரவா என்று மூளைக்குச் சொல்வதற்காகவே ஒரு சிறு உயிரணுக் கூட்டம் உண்டு. மூளையின் கடிகாரத்துக்கு அவைதான் தகவல் அனுப்புகின்றன. பிரிக்பீல்ட்ஸில் இருந்துகொண்டு இதைச் சொல்லாமல் போக முடியாது, மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இங்கேதானே இருக்கிறது. வெளிச்சத்தையே உணராத பார்வையற்றோர் சிலருக்குக்கூட, பிரகாசமான ஒளி கண்ணில் பட்டபோது தூக்க ஹார்மோனான மெலடோனின் குறைந்ததை ஹார்வர்டின் சார்ல்ஸ் சைஸ்லர் குழு 1995-இல் காட்டியது. அந்த உயிரணுக்களே ஒளியை நேரடியாக உணர்கின்றன என்பது 2002-இல்தான் தெளிவானது.

எனக்கு மனச்சோர்வு நோய் இல்லை. ஆகவே இது குணமாக்கியதா என்பதற்கு நான் சாட்சி அல்ல. தூக்கத்துக்குச் சாட்சி சொல்லலாம். எழுந்தவுடன் நெருங்கி உட்கார்ந்து பயன்படுத்திய வாரங்களில் இரவுத் தூக்கம் முன்னதாக வந்தது. ஒருமுறை இரவு எட்டு மணிக்கு மேல் போட்டுப் பார்த்தேன்; நள்ளிரவு தாண்டியும் கொட்டக் கொட்ட விழித்திருந்தேன். முதல் சில நாள் லேசான தலைவலி இருந்தது, பிறகு போய்விட்டது.

விளக்கை எடுத்துக்கொண்டு கிள்ளான் போனேன். துறைமுகத்தில் இரவு டூட்டி பார்க்கும் நண்பர் வீட்டில் போட்டுக் காட்டியதும், “என்னாண்ணே, வெல்டிங் பட்டறை மாதிரி இருக்கு!” என்றார். அவருக்குக் கையேட்டின் ‘காலையில் எழுந்தவுடன்’ என்ற அறிவுரை தலைகீழ். அவர் காலையில்தான் படுக்கப் போகிறார். இரவு டூட்டிக்காரர்கள் வேலையின் முற்பகுதியில் ஒளி எடுத்து, வீடு திரும்பும்போது கறுப்புக் கண்ணாடி போட்டுக் காலை வெயிலைத் தவிர்ப்பதுதான் ஆய்வாளர்கள் சொல்லும் வழி. கோமுட்டரில் வருகிறவருக்கு அது சரி. தூக்கக் கலக்கத்தோடு மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர் கறுப்புக் கண்ணாடியும் போட்டால் வேறு ஆபத்து.

பகல் வேலைக்காரர்களுக்கு நம் ஊரில் இன்னொரு வினோதம். 1982 ஜனவரி 1 அன்று தீபகற்ப மலேசியா சபா, சரவாக்குடன் ஒரே நேரத்துக்கு வருவதற்காகக் கடிகாரத்தை அரைமணி முன்னே தள்ளியது. சூரியக் கணக்குப்படி கோலாலம்பூரின் நேரம் ஒரு மணிக்கும் மேல் முந்தி ஓடுகிறது. ஏழு, ஏழேகாலுக்குத்தான் விடிகிறது. இருட்டில் கிள்ளானை விட்டுக் கிளம்பி, கோமுட்டரில் தூங்கி, கே.எல். சென்ட்ரலில் கூரைக்குக் கீழேயே எல்.ஆர்.டி. மாறி, திரை இழுத்த அலுவலகத்தில் நுழைகிறவர், வெயில் கொளுத்தும் நாட்டில் இருந்துகொண்டே பகலைப் பார்ப்பதில்லை. அலுவலக மேசையில் முந்நூறு, நானூறு லக்ஸ்தான் இருக்கும். துன் சம்பந்தன் சாலையில் மேகம் மூடிய ஒரு காலை, ஒன்பது மணிக்கு நடைபாதையில் அதே செயலி பதினைந்தாயிரத்தைத் தாண்டியது. கடைகளின் அஞ்சடிக்குள் ஒதுங்கினால்கூடச் சில ஆயிரம் இருந்தது. இந்த ஒளிக்குக் காசில்லை, அடாப்டரும் வேண்டாம்.

அதனால் நடக்க முடிந்தவருக்கு என் சிபாரிசு விளக்கு அல்ல, ஒரு நிறுத்தம் முன்னால் இறங்கி நடப்பது. ஆனால் மனச்சோர்வில் கிடப்பவரிடம் “வெளியே போய் நாலு பேரைப் பாரு, சரியாயிடும்” என்று சொல்வது நம் வீடுகளில் மிகச் சுலபமாக வரும் வாக்கியம். அவரால் முடியாதது அதுதானே. கட்டிலை விட்டு எழுவதே மலையாக இருப்பவரின் தலைமாட்டுக்குப் பகலைக் கொண்டுவருவது இந்த விளக்கின் உண்மையான உபயோகம். 2023 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பத்து லட்சம் பேர் அளவுக்கு மனச்சோர்வோடு இருக்கிறார்கள். மனநலம் என்றாலே தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனை என்று கேலி பேசும் பழக்கம் இன்னும் போகாததால், பலர் கிளினிக் வாசலை மிதிக்காமல் இப்படி ஒரு பெட்டியை ரகசியமாக வரவழைக்கிறார்கள். விளக்கு மருத்துவருக்கு மாற்று அல்ல. சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் இணையக் கடையில் தேடாமல் சுகாதார அமைச்சின் 15555 எண்ணைக் கூப்பிட வேண்டும்.

வாங்குவதற்கு முன் சிலருக்கு எச்சரிக்கை. மிகை எழுச்சியும் சோர்வும் மாறி மாறி வரும் இருமுனை நோய் உள்ளவர்களை இந்த ஒளி எழுச்சிப் பக்கம் தள்ளிவிடலாம், மருத்துவர் கண்காணிப்பு இல்லாமல் கூடாது. நம்மவர்களுக்கு இன்னொன்று. 2019 தேசிய சுகாதார ஆய்வில் மலேசிய இந்தியப் பெரியவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு நீரிழிவு இருந்தது. நீரிழிவு விழித்திரையைத் தொட்டிருந்தால் முதலில் கண் மருத்துவரைக் கேட்க வேண்டும். டாக்சிசைக்ளின் போல, வெளிச்சத்தில் தோலைக் கூசவைக்கும் மருந்து சாப்பிடுகிறவர்களும் கேட்பது நல்லது.

நான் வாங்கிய விளக்கைச் சிபாரிசு செய்யமாட்டேன். 30 செ.மீ. தொலைவில் 10,000 லக்ஸ் என்று எழுத்தில் தருகிற, அகலமான, புற ஊதாக் கதிரை வடிகட்டும், சிரிம் முத்திரை உள்ள பெட்டிக்கு இரண்டு மூன்று மடங்கு கொடுக்கலாம். தொலைவை எழுதாத விளக்கு என்றால் விற்பவரிடம் கேளுங்கள். “எவ்வளவு கிட்ட வைக்கிறீங்களோ அவ்வளவு நல்லது பாஸ்” என்று பதில் வந்தால் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.